கவிழ்த்து வைத்த குடம்

கீழமருதங்குடி சமுதாய மருத்துவமனைக்கு வருகிறவர்கள் உள்ளே போவதற்கு முன்னால் வாசலில் மாட்டியிருந்த கரும்பலகையைத்தான் பார்ப்பார்கள். பதினெட்டு வருஷமாக அதில் எழுதி வந்தவள் அம்சம். ஆவணங்களில் அவளுக்கு 'உதவியாளர்' என்று பெயர். கூட்டுவது, துடைப்பது, டோக்கன் கொடுப்பது, ஊசியைப் பார்த்ததும் மயங்கி விழுகிற ஆம்பளைகளைத் தாங்கிப் பிடிப்பது, எல்லாம் அந்த வேலையில் சேர்த்தி. பலகையில் எழுதுவது மட்டும் யாரும் அவளுக்குக் கொடுத்ததில்லை. அதை அவளாகவே எடுத்துக்கொண்டாள்.

எட்டாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்து கொஞ்சம் மேலேறி இறங்கும், ஆனால் சாலையில் போகும் பஸ்ஸிலிருந்தே படிக்கலாம். 'டாக்டர் வர பத்தரை ஆகும். சண்டை போட்டாலும் பத்தரைதான்' என்று ஒருநாள் இருக்கும். 'பிரஷர் மாத்திரை பெரியதுதான் இருக்கு. பாதியா உடைச்சுத் தர்றோம், கோவிச்சுக்காதீங்க' என்று இன்னொரு நாள். ஒரு சனிக்கிழமை 'பல் டாக்டர் வரமாட்டார், அவருக்கே பல்வலி' என்று எழுதிவிட்டாள். பல் டாக்டர் அடுத்த வாரம் வந்து அதைக் கேள்விப்பட்டுச் சிரித்தாரே தவிர ஒன்றும் சொல்லவில்லை.

கடைசி வரி மட்டும் எல்லா நாளும் ஒரே விஷயம்தான். பாம்புக்கடி மருந்து உண்டு, அல்லது பாம்புக்கடி மருந்து இல்லை. அந்த வரியைப் பெரிதாக எழுதி அடியில் கோடு போடுவாள்.

அந்த வரிக்கு ஒரு ஆள் செத்திருக்கிறான். அம்சத்தின் புருஷன் இராஜாங்கம். பத்தொன்பது வருஷத்துக்கு முன் ஒரு தை மாதம், சம்பா அறுப்பில், கட்டுத் தூக்கக் குனிந்தவனைக் கண்ணாடி விரியன் கையில் போட்டது. தூக்கிக்கொண்டு இதே மருத்துவமனைக்குத்தான் வந்தார்கள். சுவரில் பெயிண்ட்டால் 'பாம்புக்கடிக்கு மருந்து உண்டு' என்று எழுதியிருந்தது. இருந்தது மூன்று குப்பி. மூன்றையும் போட்டுவிட்டு, மேற்கொண்டு மருந்து எங்கே கிடைக்கும் என்று ஆள் அனுப்பித் தேடினார்கள். ஒன்றரை மணி நேரம் கழித்து, திருத்துறைப்பூண்டி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்றார்கள். பாதி வழியில் அவன் ஈறெல்லாம் ரத்தமாகி அம்சத்தின் மடியிலேயே முடிந்துபோனான்.

கருமாதி முடிந்து, அறக்கட்டளைப் பெரியவர் மனசு கேட்காமல் கூப்பிட்டு அவளுக்கு வேலை கொடுத்தார். முதல் நாளே அவள் டாக்டரிடம் போய், "ஒரு ஆளுக்கு எத்தனை குப்பி வேணும் சார்?" என்று கேட்டாள். ஆரம்பிக்கவே எட்டு பத்து வேண்டும் என்றார் டாக்டர். அவள் சுவரில் இருந்த பெயிண்ட் எழுத்தின் மேல் சுண்ணாம்பு அடித்தாள். யாரையும் கேட்கவில்லை. மறுநாள் கரும்பலகை வந்தது, சாக்பீஸ் வந்தது, கடைசி வரியும் வந்தது. பத்துக்குக் கீழே ஒன்பது இருந்தாலும் அவள் கணக்கில் அது இல்லைதான்.

இப்படியே வருஷங்கள் ஓடின. இரண்டு வருஷத்துக்கு முன் மேனேஜராக ராஜராஜன் வந்தார்.

முப்பத்து நாலு வயது, தஞ்சாவூர்க்காரர், வெளியூரில் பெரிய படிப்பு. அவரைக் கெட்டவர் என்று சொன்னால் வாய் அழுகிப் போகும். கக்கூஸில் தண்ணீர் வந்தது அவர் காலத்தில்தான். கர்ப்பிணிகள் உட்கார நாற்காலி போட்டதும் அவர்தான். ஆனால் மனிதருக்கு ஒரு வியாதி இருந்தது. எதைச் செய்தாலும் அதை ஒரு படம் எடுத்து, நாலு நல்ல வார்த்தை போட்டு, மாதாந்தரச் செய்தி மடல் என்று வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கும் ஊர்ப் பிள்ளைகள் அதைப் பார்த்துக் கை தட்டுகிற பொம்மை போடுவார்கள். கிழிந்த பாய் மாற்றினாலும் மடல், மாற்றாவிட்டாலும் 'விரைவில்' என்று மடல்.

ஊர்ப் பிள்ளைகள் சேர்ந்து மருந்து வைக்க ஒரு குளிர்சாதனப் பெட்டி வாங்கிக் கொடுத்தார்கள். அதைச் சாக்காக வைத்து வாசலில் ஒரு பெரிய ஃபிளக்ஸ் ஏறியது. '24 மணி நேர பாம்புக்கடி சிகிச்சை மையம்' என்று, படமெடுத்த நாகம் ஒன்றைப் போட்டு. முதலில் முப்பது குப்பி வந்தது, உண்மைதான். ஆடி முடிவதற்குள் இருபத்தாறு செலவானது. மிச்சம் நாலு. அடுத்த சரக்கு வருகிறது, வருகிறது என்றே இருந்தது. டாக்டரோ எப்போதும்போல் பத்து மணிக்குத்தான் வருவார். இருபத்து நாலு மணி நேரத்தில் மிச்ச நேரத்துக்குப் படத்திலிருந்த நாகம்தான் வைத்தியம் பார்க்க வேண்டும்.

அம்சம் பலகையில் 'மருந்து இல்லை' என்று எழுதினாள். ராஜராஜன் அவளை அறைக்குக் கூப்பிட்டார்.

"நாலு குப்பி ஸ்டாக்ல இருக்கு அம்சம். இல்லைன்னு எழுதினா அது பொய்யில்லையா?"

"பத்துக்குக் கீழ இருந்தா இல்லைன்னுதான் சார் அர்த்தம்."

"இப்படி நெகட்டிவா எழுதினா ஜனங்களுக்கு நம்பிக்கை போயிடும். வர்றவங்களுக்கு இருக்கிறதைக் குடுத்து, நாமளே பெரிய ஆஸ்பத்திரிக்கு ரெஃபர் பண்ணிக்கலாம்."

"என் வீட்டுக்காரரையும் ரெஃபர்தான் சார் பண்ணாங்க."

என்ன நடந்தது என்று கேட்டார், சொன்னாள். அந்தக் கதை அவருக்குத் தெரியாது போலிருக்கிறது. தெரிந்த பிறகும் மாறவில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். மறுநாள் பன்னிரண்டு விதிகள் அச்சடித்த தாள் ஒன்று சுவரில் ஒட்டப்பட்டது. ஏழாவது விதி: மருத்துவமனையின் சேவைகள், மருந்து இருப்பு, செய்திகள் எதுவானாலும் நிர்வாகத்தின் வழியாக மட்டுமே வெளியிடப்படும். கரும்பலகையைக் கழற்றிக் கொண்டுபோய் ஜெனரேட்டர் அறையில் சாத்தினார்கள். அம்சம் டோக்கன் மேஜையிலிருந்தும் எடுக்கப்பட்டாள். இனிமேல் அவளுக்கு வாசல் பெருக்குவதும் குடிதண்ணீர்க் குடத்தை நிரப்பி வைப்பதும்தான் வேலை.

"விடுங்க அக்கா" என்றாள் அனீஸா. மருந்தகத்தைப் பார்த்துக்கொள்கிறவள். முத்துப்பேட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள், முப்பது வயது இருக்கும், தன் நிழலுக்கே வழிவிட்டு நடக்கிற பெண். "எல்லாரையும் நாமளா காப்பாத்த முடியும்?"

"நீ எனக்கு ஒண்ணு மட்டும் செய். தினம் சாயங்காலம் பூட்டும்போது எத்தனை இருக்குன்னு சொல்லு. அது போதும்."

"சொல்றேன். அதுக்கு மேல என்னை இழுக்காதீங்க அக்கா. நான் பயந்தவ."

"தெரியும்டி" என்றாள் அம்சம்.

குடம் சிவப்பு பிளாஸ்டிக் குடம். வாசல் கேட்டின் இரண்டு தூண்களுக்குள் உள்பக்கமாக ஒரு ஸ்டூலில் இருக்கும். விதிகள் ஒட்டிய மூன்றாம் நாள் சாயங்காலம், அனீஸா "நாலுதான் அக்கா" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடியதும், அம்சம் குடத்திலிருந்த தண்ணீரை வேப்பங்கன்றுக்கு ஊற்றினாள். குடத்தைக் கழுவினாள். வலது பக்கத் தூணின் மேல் கவிழ்த்து வைத்தாள்.

வெறுங்குடம் எதிரே வந்தால் புறப்பட்ட காரியத்தை விட்டுவிட்டுத் திரும்பி உட்கார்ந்துவிட்டுப் போகிற ஊர் அது. கல்யாணப் பேச்சுக்குப் போகிறவர்கள் தெருக்குழாய் பக்கம் கூடப் போகமாட்டார்கள். ஆஸ்பத்திரித் தூணில் கவிழ்ந்த குடத்தைப் பார்க்காமல் ஒருவரும் தாண்ட முடியாது. ஃபிளக்ஸைப் பார்க்காதவர்கள் இருப்பார்கள். குடத்தைப் பார்க்காதவர்கள் கிடையாது. எழுதத்தான் கூடாது என்று விதி. குடத்தைக் கழுவக் கூடாது என்று பன்னிரண்டில் ஒரு விதியும் இல்லை.

அதன் அர்த்தத்தை முதலில் வள்ளியம்மையிடம் சொன்னாள். வள்ளியம்மைதான் நடவுக்கு ஆள் சேர்க்கிறவள். விடிந்ததும் இருபது பெண்களைக் குட்டியானை சரக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசல் வழியாகத்தான் வயலுக்குப் போவாள். வண்டி ஓட்டுகிறவர் காதர் மைதீன்.

"குடம் கவிழ்ந்திருந்தா மருந்து இல்ல. எவளுக்காவது பூச்சி பொட்டு கடிச்சுதுன்னா இங்க நிக்கவே நிக்காதீங்க. நேரா துறைப்பூண்டி. நிமிர்ந்திருந்தா உள்ள வாங்க."

"இத மேனேஜர் கிட்ட சொல்லிட்டியா?" என்று கேட்டாள் வள்ளியம்மை.

"அவரு வேற வழியா சொல்றாரு. நான் இந்த வழியா சொல்றேன்."

ஒரு வாரத்தில் அந்தச் சாலையில் டிராக்டர் ஓட்டுகிறவன், பால் எடுக்கிறவன், இறால் பண்ணைக்குப் போகிறவன் எல்லோருக்கும் குடத்தின் பாஷை தெரிந்துவிட்டது. தெரியாதவர் ஒரே ஒருவர், மேனேஜர். அவரும் ஒருநாள் காரிலிருந்து இறங்கும்போது நின்று பார்த்தார்.

"அது ஏன் அங்க இருக்கு?"

"கழுவிக் காய வச்சிருக்கேன் சார்."

"வாசல்ல வெறுங்குடம் வைக்காதீங்க. நல்லா இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அம்சம் காலையில் குடத்தை இறக்கி நிரப்பி வைத்தாள், ஒன்பது மணிக்கு, அவர் வருகிற நேரத்துக்கு. அதற்குள் வயலுக்குப் போகிறவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். காலையில் பார்த்ததுதான் அன்றைய கணக்கு.

புரட்டாசி நடுவில் சம்பா நடவு மும்முரமாக இருந்தது. வள்ளியம்மையின் மகள் செம்மொழி பி.எட். முடித்துவிட்டு வேலைக்கு விண்ணப்பித்துக் காத்திருந்தாள். வீட்டில் சும்மா இருப்பதற்குப் பதில் அம்மாவோடு நடவுக்கு வந்துகொண்டிருந்தாள். அன்று காலை ஏழே கால் மணிக்கு, இரண்டு கையிலும் நாற்றுமுடியைத் தூக்கிக்கொண்டு வரப்பில் ஏறியவளுக்குக் கணுக்காலில் சுரீர் என்றது. புல்லுக்குள் உடம்பைச் சுருட்டிக்கொண்டு சீறியதை நாலு பேர் பார்த்தார்கள். கண்ணாடி விரியன்.

காதர் மைதீன் வண்டியை வரப்பு முனை வரை பின்பக்கமாகவே கொண்டுவந்துவிட்டார். செம்மொழியைப் படுக்க வைத்து, காலை அசைக்காமல் இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். அங்கிருந்து ஆஸ்பத்திரி மூன்று நிமிஷம். வாய்க்கால் பாலத்தில் ஏறும்போதே ஃபிளக்ஸ் தெரிந்தது, இருபத்து நாலு மணி நேரம் என்று. கூடவே தூணும் தெரிந்தது.

பெற்றவள் நிலைமை வேறு. பாஷையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டவள்தான் வள்ளியம்மை; ஆனால் மகள் கால் வீங்குவதைக் கண்ணெதிரே பார்க்கிறபோது மூன்று நிமிஷ தூரத்தில் ஓர் ஆஸ்பத்திரியைத் தாண்டிப் போக யாருக்கு மனசு வரும்? "நிறுத்துங்க, நிறுத்துங்க! ஒரு ஊசியாவது போட்டுட்டுப் போவோம்!" என்று வண்டியின் கூரையைத் தட்டிக் கதறினாள். காதர் மைதீன் வேகத்தைக் குறைத்தார்.

வாசல் பெருக்கிக்கொண்டிருந்த அம்சம் பார்த்தாள். துடைப்பத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சாலை நடுவில் வந்தாள். இரண்டு கையையும் வீசி, தொண்டை கிழியக் கத்தினாள்.

"போ! நிக்காத! இங்க ஒண்ணும் இல்ல! போய்யா!"

வண்டி கூடவே பத்தடி ஓடி, பின்பலகையைக் கையால் அடித்து விரட்டினாள். வண்டி போனது. புடவை முந்தானையிலிருந்து செல்போனை எடுத்துத் திருத்துறைப்பூண்டி ஆஸ்பத்திரிக்குப் பேசி, பொண்ணு வருது, விரியன், கணுக்கால், ஏழேகாலுக்குக் கடிச்சது என்று சொன்னாள். சொல்லி முடித்த பிறகு தூணில் சாய்ந்து நின்று கொஞ்சம் அழுதாள். புருஷனுக்காகவா, அந்தப் பெண்ணுக்காகவா என்று அவளுக்கே தெரியாது.

ஏழே முக்காலுக்கு அங்கே மருந்து ஏறிவிட்டது. செம்மொழி ஐந்து நாள் படுக்கையில் இருந்துவிட்டு, வீங்கின காலோடு வீட்டுக்கு வந்தாள். இன்னும் ஒரு மணி நேரம் கழித்து வந்திருந்தால் சிறுநீரகம் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வாசலில் கேமரா இருந்தது.

ராஜராஜன் அந்தப் படத்தை அறங்காவலர்கள் இரண்டு பேருக்கு நடுவில் லேப்டாப்பில் ஓடவிட்டார். சத்தம் இல்லாத படம். சாகக் கிடக்கிற பெண்ணோடு ஒரு வண்டி வருகிறது. ஆஸ்பத்திரி ஊழியர் ஒருத்தி நடுரோட்டில் நின்று கையை வீசி அதை விரட்டுகிறாள், வண்டியை அடிக்கவும் அடிக்கிறாள். பார்க்கிறவர்களுக்கு வேறு என்ன தோன்றும்?

"அவசர கேஸை வாசல்லேருந்து விரட்டினீங்களா இல்லையா?" என்று கேட்டார் ஓர் அறங்காவலர்.

"விரட்டினேன் அய்யா. விரட்டினதாலதான் அது வீட்ல உக்காந்து கஞ்சி குடிக்குது."

அனீஸாவைக் கூப்பிட்டார்கள். பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"அன்னிக்கு ஸ்டாக் இருந்துச்சா?" என்றார் ராஜராஜன்.

"நாலு இருந்துச்சு சார்."

"இருந்துச்சா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

"இருந்துச்சு சார்."

அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், பார்த்துக்கொண்டே போனாள். அம்சம் கதவு வரை அவளையே பார்த்தாள். ஒரு ஆளுக்கு நாலு பத்தாது என்று ஒரு வார்த்தை, அதற்குக்கூடவா வாய் வரவில்லை?

"அந்தக் குடம்" என்றார் ராஜராஜன். "அபசகுனமா வாசல்ல கவிழ்த்து வைக்கிறீங்களே, அதுக்கு என்ன அர்த்தம்னு இப்பதான் எனக்குத் தெரியுது."

"அபசகுனம்தான் சார். அதுக்குத்தான் வச்சேன். மருந்து இல்லாத ஆஸ்பத்திரிய விடப் பெரிய அபசகுனம் என்ன இருக்கு? பலகைய எடுத்தீங்க, குடத்த வச்சேன். குடத்த எடுத்தா நானே போய் நிப்பேன்."

ஒரு தாளை அவள் முன்னால் நகர்த்தினார்கள். தட்டச்சு செய்த மன்னிப்புக் கடிதம். மருத்துவமனையைப் பற்றித் தவறான தகவல் பரப்பினேன், இனி செய்யமாட்டேன். கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. அம்சம் நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தாள்.

"போடறேன் சார். எனக்கு முன்னாடி நீங்க ஒண்ணு எழுதிக் குடுங்க. இன்னிக்கு, இந்த நேரத்துல, இங்க பாம்பு கடிச்சு வர்ற ஒரு ஆளைப் பிழைக்க வைக்கிற அளவுக்கு மருந்து இருக்குன்னு. தேதி போட்டு, நேரம் போட்டு, உங்க கையெழுத்து. அதுக்கு அடியிலயே நான் போடறேன்."

ராஜராஜன் பேனாவைக் கையில் எடுத்தார். மூடியைக் கழற்றினார். பிறகு மூடியைப் போட்டு மேஜையில் வைத்துவிட்டார். அறங்காவலர்கள் இரண்டு பேரும் ஜன்னலைப் பார்த்தார்கள்.

"நாளையிலேர்ந்து நீங்க வர வேணாம்" என்றார் ராஜராஜன்.

பதினெட்டு வருஷத்து வேலை அரை நிமிஷத்தில் போனது. அவள் வெளியே வரும்போது குடமும் ஸ்டூலும் இல்லை. அந்த இடத்தில் எவர்சில்வரில் குழாய் வைத்த தண்ணீர் இயந்திரம் ஒன்று பளபளவென்று நின்றது. அதற்கு ஏற்கனவே ஒரு படமும் எடுத்தாகிவிட்டது. மருந்தக ஜன்னலுக்குள் அனீஸா முதுகைக் காட்டிக்கொண்டு மாத்திரை அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அம்சம் போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

சாயங்காலம் வள்ளியம்மை வந்தாள். வந்தவள் அம்சத்தின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. பிறகு, "நாளைக்கு நடவுக்கு வர்றியா?" என்று கேட்டாள்.

"வராம? எனக்கு நாத்து பிடிக்கத் தெரியாதா என்ன?"

வேலை போனது அவளை அவ்வளவாகக் குடையவில்லை. வயல் வேலை எங்கேயும் ஓடிவிடாது. அவளைத் தூங்கவிடாமல் செய்தது வேறு. ஃபிளக்ஸ் இருக்கிறது, நாலு குப்பி இருக்கிறது, தூண் காலியாக இருக்கிறது. காலியான தூணைப் பார்க்கிறவன் மருந்து வந்துவிட்டது என்றுதானே நினைப்பான்? கடிபட்டவனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போவான். பத்து மணி வரை உட்கார்ந்திருப்பான். இராஜாங்கம் மாதிரி. அவள் வைத்த அடையாளமே ஒருத்தனைக் கொன்றுவிடும்.

விடிந்ததும் சோறு கட்டிக்கொண்டு வண்டியில் ஏறினாள். ஒரு முடிவோடுதான் ஏறினாள். பையில் வீட்டுப் பித்தளைக் குடம் இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தச் சொல்லி, யார் தடுத்தாலும் தூணில் கவிழ்த்துவிட்டுத்தான் போவது. நாளைக்கு எடுத்தால் நாளைக்கு வேறு குடம். ஊரில் குடத்துக்கா பஞ்சம்?

பாலத்தில் ஏறும்போது காதர் மைதீன் தலையை வெளியே நீட்டினார்.

"அக்கா, அங்க பாருங்க."

வலது பக்கத் தூணில் ஒரு குடம் கவிழ்ந்திருந்தது. சிவப்புக் குடம் அல்ல. பச்சை நிறம், புதுசு, கடைக்காரன் ஒட்டிய சீட்டுகூட இன்னும் கிழிக்கப்படவில்லை. தூணில், குடத்துக்கு அடியில், சாக்பீஸால் பெரிதாக 4 என்று எழுதி, அதன் கீழே ஒரு கோடு போட்டிருந்தது. நாலைத் திறந்த தலையோடு அப்படி எழுதுகிற கை அந்த ஆஸ்பத்திரியில் ஒன்றுதான். தினமும் மருந்தகப் பதிவேட்டில் பார்த்த கை. நேற்று சாயங்காலம் பூட்டிவிட்டு, முத்துப்பேட்டை பஸ்ஸை விட்டுவிட்டு, கடைவீதி வரை நடந்து போய் வாங்கி வந்திருக்க வேண்டும். வாசல் கேமராவுக்கு நேர் எதிரே நின்றுதான் அதை வைத்திருக்க முடியும்.

அம்சம் வண்டிப் பலகையைப் பிடித்துக்கொண்டு எழுந்து பார்த்தாள். அந்தப் பயந்தாங்கொள்ளியை நேற்று மனசுக்குள் என்னவெல்லாம் திட்டியிருந்தாள்!

"நிறுத்தணுமா அக்கா?" என்றார் காதர் மைதீன்.

அவள் பித்தளைக் குடத்தைப் பையோடு மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"எதுக்கு? குடம் கவிழ்ந்திருக்குல்ல. நேரா போங்க."